மதிய வெயிலில் வண்டி ஏன் இழுப்பதில்லை?

கேள்வி: தினமும் பைக்கில் சிவகாசி போய் வருகிறேன். காலையில் நன்றாக இழுக்கும் வண்டி, சித்திரை மதியத்தில் மந்தமாகிவிடுகிறதே, ஏன்?
– ஒரு வாசகர், எம். புதுப்பட்டி

பதில்: வண்டியில் கோளாறு இருந்தாக வேண்டும் என்பதில்லை; காற்றே இளைத்துப்போகிறது. காலையில் 25 டிகிரி, மதியம் 40 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். ஒவ்வொரு இழுப்பிலும் என்ஜினுக்குள் போகும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைவு. பழைய கார்புரேட்டர் வண்டி இதை அறியாமல் பெட்ரோலைக் கூடுதலாகவே ஊற்றும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் பரவிய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் சென்சார் அளவைச் சரிசெய்துவிடும். ஆனால் குறைந்த காற்றை அதனாலும் கூட்ட முடியாது. என்ஜினைச் சுற்றியுள்ள செதில்களில் கரிசல் மண் அப்பியிருந்தால் சூடு வெளியேறாது. கழுவிவிடுங்கள்.

எனக்கு உங்களைப் பற்றித்தான் கூடுதல் கவலை. தோலின் சூடு சுமார் 35 டிகிரி. அதைவிடச் சூடான காற்று முகத்தில் அடித்தால் அது குளிர்ச்சி தராது, சூட்டைத்தான் ஏற்றும். வியர்வை உலர்வது மட்டுமே உடலைக் காக்கும். சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். முழுக்கை பருத்திச் சட்டை, ஹெல்மெட்டுக்குள் ஈரத்துணி, கிளம்புமுன் வயிறு நிறையத் தண்ணீர். தலை சுற்றினால் உடனே நிழலில் நிறுத்துங்கள்.