மூன்று வருஷம் வரியே இல்லையாமே!

‘புதுத் தொழிலுக்கு மூன்று வருஷம் வரி கிடையாதாமே சார்? குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் சர்டிபிகேட்டும் வாங்கிவிட்டேன்.’ 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அந்த பட்ஜெட் சலுகையை ஐந்தாண்டு நீட்டித்தது உண்மை. ஆனால் அது யாருக்கு என்ற வரியை விட்டுவிட்டு மீதியைத்தான் வாட்ஸ்அப்பில் சுற்ற விடுகிறார்கள்.

1961 வருமான வரிச் சட்டத்தின் 80-ஐஏசி பிரிவில் வந்த சலுகை இது. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகவோ எல்.எல்.பி.யாகவோ இருக்க வேண்டும். 2016 ஏப்ரல் 1-இலிருந்து 2030 மார்ச் 31-க்குள் பதிவாகியிருக்க வேண்டும். மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் வாங்கி, அதற்கு மேல் அமைச்சகங்களுக்கு இடையிலான வாரியத்திடம் தனிச் சான்றும் வாங்க வேண்டும். புதுமை எங்கே என்று வாரியம் கேட்கும். உங்கள் மளிகைக் கடையில் என்ன புதுமை? அந்தக் கடை உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால் அங்கே போய் நிற்கவே முடியாது. கூட்டு வியாபாரத்துக்கும் அதே கதிதான்.

தகுதி இருப்பவர்களும் துள்ள வேண்டாம். விலக்கு லாபத்துக்குத்தான், முதல் வருஷத்தில் எவருக்கு ஐயா லாபம்? பத்து ஆண்டுகளில் தொடர்ச்சியான எந்த மூன்றையும் தேர்ந்தெடுக்கலாம் என்பதால் அவசரப்படாதீர்கள். கம்பெனிக்கு ‘மேட்’ என்ற குறைந்தபட்ச மாற்று வரி தனியாக வந்து நிற்கும். வரி இல்லை என்று ரிட்டர்னைக் கெடுவுக்குள் போடாவிட்டால் சலுகையே போச்சு. நஷ்டத்தை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது.

இன்னொரு வதந்தி, உத்யம் இருந்தால் ஜி.எஸ்.டி. வேண்டாமாம். உத்யம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தமிழ்நாட்டில் பொருளுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் ரூபாய் வருஷ விற்பனை வரைதான் அந்த நிம்மதி. கேரளாவுக்கு ஒரு பெட்டி முறுக்கு விற்றாலும் பதிவு கட்டாயம். வெளியாள் முதல் போட்டால் ‘ஏஞ்சல் டேக்ஸ்’ என்று இன்னும் மிரட்டுகிறார்கள். அது 2024-லேயே ஒழிக்கப்பட்டது.

அந்த உத்யமுக்கு ஏஜென்ட்டிடம் பணம் கொடுத்தீர்களா? பதிவு இலவசம். அதன் நிஜப் பலனை யாரும் பேசுவதில்லை. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டியதை 45 நாளில், எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் தராவிட்டால், வாங்கியவர் பணம் கொடுத்து முடிக்கும் வருஷக் கணக்கில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். 1961 சட்டத்தின் 43பி பிரிவில் வந்த இந்த விதி 2023-24 கணக்கிலிருந்து அமலில் இருக்கிறது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பலன் கிடையாது; உற்பத்தி செய்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும் உண்டு. நம் ஊரில் சிறு பட்டறைகள் படுத்துக்கொள்வது பெரும்பாலும் வரியால் அல்ல, வராத பாக்கியால். ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணையும் பணம் தர வேண்டிய கெடு தேதியையும் அச்சடியுங்கள்.