மகளுக்கு முதல் கத்தி

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. சமையலறையை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். எந்தக் கத்தி வாங்கித் தரலாம்?
– வாசகி, மதுரை

பதில்: பயந்துகொண்டு மொட்டைக் கத்தியைக் கொடுத்துவிடாதீர்கள். மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டியிருக்கும். அழுத்தினால் வழுக்கி விரலில் இறங்கும். 10 முதல் 12 செ.மீ. அலகு, உருண்ட முனை, ஈரக்கையிலும் நழுவாத பிடி போதும். கடையில் அவளையே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பலகைக்கடியில் ஈரத்துணி விரியுங்கள். முதலில் வாழைப்பழம், வெள்ளரி, பிறகு பீன்ஸ் நறுக்கட்டும். காயைப் பிடிக்கும் கையின் விரல்நுனிகள் உள்ளே மடங்கியிருக்கட்டும். கேரட் உருளும், நீங்களே நீளவாக்கில் பிளந்து, தட்டையான பக்கம் கீழிருக்கும்படி வைத்துக் கொடுங்கள். அரிவாள்மனை இப்போது வேண்டாம். அதில் அலகு அசையாது, கைதான் அலகை நோக்கிப் போகும். நறுக்கும்போதெல்லாம் நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்.