வாழைக்குட்டியோடு வரும் வாடல்

பல வருடம் தரிசாய்க் கிடந்த காணிக்குத் திரும்புகிறவர்கள், "நிலம் நன்றாக ஆறியிருக்கும், வாழை செழிக்கும்" என்று சொல்வதுண்டு. அநேக நோய்களைப் பொறுத்தவரை அது சரிதான். பனாமா வாடல் நோய்க்கு அந்தக் கணக்குச் செல்லாது.

இந்நோயை உண்டாக்கும் பியூசேரியம் என்னும் பங்கசு மண்ணில் வாழ்வது. வாழை அழிந்த பின்னும் தடித்த சுவருள்ள வித்திகளாக 20, 30 வருடம் உறங்கிக் கிடக்கும். சில புற்களின் வேரிலும் தங்கியிருக்கும். வாழை வேர் கிட்ட வந்ததும் முளைத்து உட்புகுந்து, நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும்.

முதலில் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகும். பின்னர் காம்பு மடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடைபோலத் தொங்கும். குருத்து மட்டும் சில நாள் நிமிர்ந்து நிற்கும். தண்ணீர் போதாது என்று எண்ணி மேலும் இறைப்பவர்கள் உண்டு. அந்த நீரே பங்கசை வாய்க்கால் வழியே அடுத்த வாழைக்குக் கொண்டுபோகும். தண்டை வெட்டிப் பாருங்கள். உள்ளே செங்கபிலக் கோடுகள் ஓடினால் பெரும்பாலும் இந்நோய்தான். மருந்தடித்து மாற்ற முடியாது.

நிலத்தை மாற்றினாலும் இது கூடவே வரும். மத்திய அமெரிக்காவில் பெரிய கம்பனிகள் குறோ மிஷெல் என்ற ஒரே இனத்தைப் பரந்த நிலத்தில் நட்டிருந்தன. நோய் வந்ததும் தோட்டத்தைக் கைவிட்டு, புதுக் காட்டை வெட்டி நட்டார்கள். நட்ட கிழங்கோடு நோயும் போனது. 1960 அளவில் அவ்வினத்தையே விட்டு கவெண்டிசுக்கு மாறவேண்டி வந்தது. அதையும் கொல்லும் வேறொரு வகை ஆசியாவிலிருந்து பரவி, 2013இல் மொசாம்பிக்கிலும் 2019இல் கொலம்பியாவிலும் அறியப்பட்டது. பணமும் ஆய்வுகூடமும் உள்ளவர்களுக்கே இந்தப் பாடு.

அயலார் அன்போடு தரும் குட்டியை வேண்டாமென்பது எங்களுக்குப் பழக்கமில்லை. ஆனால் நோயுள்ள தாயின் குட்டி பார்வைக்குச் சுகமாகவே இருக்கும். ஆகவே குட்டியைப் பார்த்து எடுக்காதீர்கள். அது நின்ற தோட்டத்தைப் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு மரமேனும் இப்படி வாடியிருந்தால் விட்டுவிடுங்கள். இழைய வளர்ப்புக் கன்று நல்லது, எனினும் நோயுள்ள மண்ணில் அதுவும் சாகும். இரவல் வாங்கும் மண்வெட்டி, அலவாங்கு, கத்தியை மண் போகத் தேய்த்துக் கழுவுங்கள், செருப்பையும் மறக்கவேண்டாம்.

கோழிக்கூட்டு வாழை முன்பு வாடிச் செத்த இடம் எதுவென்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அவ்விடத்தில் அதை மறுபடி நடவேண்டாம். பள்ளக் காணியானால் சில போகம் நெல் விதைக்கலாம். தாய்வானில் வாழையையும் நெல்லையும் மாற்றிப் பயிரிட்டு நோயைக் குறைத்திருக்கிறார்கள். புதிதாக ஒரு மரம் வாடினால், வெட்டித் தோட்டமெங்கும் இழுக்காமல், சுற்றிக் கயிறு கட்டி, ஆட்களும் ஆடுமாடும் போகாமல் தடுத்து, விவசாயப் போதனாசிரியருக்கு அறிவியுங்கள்.