புது டாட்டூவுக்கு எந்தத் தண்ணீர், எந்தப் பூச்சு?

டாட்டூ குத்தி வந்ததும் பலரும் கேட்பது, ‘என்ன க்ரீம் தடவலாம்?’ தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் குடியிருப்பவர்கள் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வீட்டுக் குழாயில் வருவது என்ன தண்ணீர்?

மை தோலுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் இறங்குகிறது. மேல்தோல் மூட இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். அதுவரை அது புண்தான். புண்ணைக் கழுவலாம், ஊறவைக்கக் கூடாது. கீழே உள்ள எல்லாத் தேர்வுக்கும் இதுவே அளவுகோல்.

எந்தத் தண்ணீர்?

போர் தண்ணீர்: இந்தப் பக்கம் பல தெருக்களில் இதுதான் கதி. கடினநீரில் இருக்கும் கால்சியம் சோப்போடு சேர்ந்து பிசுக்காகப் படியும். பக்கெட்டின் உள்விளிம்பில் விரலால் வழித்தால் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வருமே, அதுதான். டாட்டூவிலும் அது படிந்தால் தோல் வறண்டு அரிப்பு கூடும். கட்டி சோப்பை விட்டுவிட்டு, ‘சோப் ஃப்ரீ’ என்று அச்சிட்ட, வாசனை இல்லாத திரவக் க்ளென்சரை வாங்குங்கள். அதில் இந்தப் பிசுக்கு வராது.

லாரி தண்ணீர்: எங்கே பிடித்தது என்று தெரியாது. வந்தபின் சம்ப்பிலும் மொட்டைமாடி டேங்கிலும் தேங்கி நிற்கிறது. காய்ச்சி ஆறவைக்காமல் புண்ணில் ஊற்றாதீர்கள்.

பாலாற்றுத் தண்ணீர், கேன் தண்ணீர்: பாலாற்றுத் தண்ணீர் வரும் வீடென்றால் பிடித்துக் காய்ச்சி ஆறவைத்தால் போதும். இல்லையென்றால் 20 லிட்டர் கேனிலிருந்து ஒரு சொம்பு எடுத்து, கடைசி அலசலுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

முடிவு: உடம்புக்கு வழக்கமான தண்ணீர், டாட்டூவுக்கு மட்டும் முதல் வாரம் தனித் தண்ணீர். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. அதனால் கரிக்கும் போர் தண்ணீரைக் காய்ச்சுவதைவிடக் கேனே மேல்.

ஷவரா, மக்கா?

மக்குதான் வசதி. தண்ணீர் எங்கே விழ வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. ஷவர் என்றால் தாரை நேராக டாட்டூவில் விழக் கூடாது. தலைக்குக் குளிக்கும்போது குனிந்து ஊற்றுங்கள். ஷாம்பூவும் சீயக்காயும் புண்ணில் வழியாது. எண்ணெய்க் குளியல், நலங்குமாவு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் எல்லாம் ஆறியபின். துவட்டத் துண்டு வேண்டாம், டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள்.

மூடலாமா, திறந்து விடலாமா?

கடையில் சுற்றிவிடும் சாதா பிளாஸ்டிக் தாள் வீடு வந்து சேரும் வரைக்கும்தான். தோலோடு ஒட்டும் ஃபிலிம், ஜி.எஸ்.டி. சாலையில் பைக்கிலும் நெரிசலான மின்சார ரயிலிலும் போகிறவர்களுக்கு உதவும். தூசியும் உரசலும் படாது. எத்தனை நாள் என்பதைக் குத்தியவரிடமே கேளுங்கள். முதல் நாளில் மையும் நிணநீரும் கலந்து ஃபிலிமுக்குள் கறுப்பாகத் தேங்கும், பயப்பட வேண்டாம். விளிம்பு பிரிந்து கசிந்தால் உடனே எடுத்துக் கழுவுங்கள். பசை ஒத்துக்கொள்ளாமல் சுற்றிலும் தடித்தாலும் அப்படியே. வியர்வை வழியும் மே மாதத்தில் வீட்டிலேயே இருப்பவருக்குத் திறந்த டாட்டூவும் மின்விசிறியும் போதும்.

எதைத் தடவலாம்?

மஞ்சள்: பச்சை குத்தியபின் நிறம் எடுப்பாகவும் வீங்காமல் இருக்கவும் மஞ்சள்தூள் தேய்ப்பார்கள் என்று மானுடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியான தன் நூலில் பதிந்திருக்கிறார். மரபு அப்படி இருந்தாலும் அஞ்சறைப்பெட்டி மஞ்சள் கிருமி நீக்கியதல்ல. திறந்த புண்ணுக்கு வேண்டாம்.

வாசலின், தேங்காய் எண்ணெய்: பெட்ரோலியம் ஜெல்லி மையை மங்க வைக்கலாம் என்று அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி எச்சரிக்கிறது. எண்ணெயோ நம் புழுக்கத்தில் வியர்வையை அடைத்துப் பிசுபிசுக்கும்.

ஆன்டிபயாடிக் களிம்பு: நியோமைசின் சிலருக்கு அலர்ஜி தரும். மருத்துவர் சொன்னால் மட்டும்.

முடிவு: வாசனையற்ற, தண்ணீர் கலந்த லோஷன், மெல்லியதாக, நாளுக்கு இரண்டு மூன்று முறை. பொருக்கைப் பிய்க்காதீர்கள். ஆறியபின் வெயிலில் போக எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்க்ரீன்.

எந்த மாதம்?

தை, மாசி சிறந்தது. கத்திரி வெயிலில் வியர்வைத் தொல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கணுக்காலில் குத்துவதைத் தள்ளிப்போடுங்கள். 2015 வெள்ளத்தை முடிச்சூரும் வரதராஜபுரமும் மறக்கவில்லை. தெருவில் தேங்கும் தண்ணீரில் புண்ணோடு நடந்தால் எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகலாம்.

கோவளத்தில் அலைச்சறுக்கு, ஈ.சி.ஆர். ரிசார்ட் நீச்சல்குளம் என்று திட்டமிருந்தால் அது முடிந்தபின் குத்துங்கள். டாட்டூ குத்திய ஐந்தாம் நாள் மெக்ஸிகோ வளைகுடாவில் நீந்திய 31 வயதுக்காரர் ஒருவர் விப்ரியோ கிருமி தொற்றி இறந்ததை 2017-இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. அவருக்கு ஏற்கெனவே கல்லீரல் நோய். கல்லீரல் கோளாறோ சர்க்கரையோ உள்ளவர்கள் குத்துவதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

முதல் சில நாள் சிவப்பும் நீர்வடிதலும் இயல்பு. சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ க்ரீமை மாற்றிப் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். அன்றே தோல் மருத்துவரிடம் போங்கள்.