வினாடி வினாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு

ஓய்வுநாள் பள்ளியில் புதிதாகப் பொறுப்பெடுத்திருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு,

இந்த வருஷம் வேதாகம வினாடி வினாவுக்கு முதல்முறையாகப் பிள்ளைகளோடு போகப்போகிறீர்கள். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளோடு பஸ் ஏறி இறங்கினவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்.

1. எந்தப் பகுதி என்று தெரிந்தவுடன் கேள்வி பதில் புத்தகம் தேடி ஓடாதீர்கள். வேதாகமத்தை விரித்து, ஆளுக்கொரு வசனமாக வாய்விட்டு வாசிக்க வையுங்கள். இரண்டாம் இராஜாக்கள் வந்திருக்கிறது என்று வையுங்கள். ராஜாவானபோது யோவாசுக்கு வயது 7, யோசியாவுக்கு 8. எண்ணை மட்டும் படித்த பிள்ளை மேடையில் இரண்டையும் மாற்றிவிடும். அத்தாலியாள் ராஜவம்சத்தையே அழித்துக்கொண்டிருந்தபோது, அத்தை யோசேபாள் பச்சைப் பிள்ளையான யோவாசைத் தூக்கிக்கொண்டு போனதையும், ஆறு வருஷம் ஆலயத்தில் ஒளித்து வைத்ததையும், ஏழாம் வருஷம் வெளியே கொண்டுவந்து முடிசூட்டினதையும் கதையாகச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு 7 மறக்காது. யோசியாவின் 18ஆம் ஆட்சி வருஷத்தில் ஆலயத்தில் நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைத்தது. "அப்போ ராஜாவுக்கு எத்தனை வயசு மக்களே?" என்று கேளுங்கள். விரல்விட்டுக் கூட்டி இருபத்தாறு என்று சொல்லும் பிள்ளைக்கு 8 தன் கணக்காகிவிடும்.

2. எந்த மொழிபெயர்ப்பு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நம் சபைகளில் 1871இல் வந்த பவர் ஐயர் மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கப் பிள்ளைகளின் கையில் 1995இல் வந்த திருவிவிலியம். நமக்கு ஆதியாகமம், அவர்களுக்குத் தொடக்கநூல். நம் உபாகமம் அங்கே இணைச்சட்டம். நமக்கு 66 புத்தகம், அவர்களுக்கு 73. இரு சபைப் பிள்ளைகளும் சேர்ந்து எழுதும் போட்டி என்றால், இரண்டு பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

3. இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்த கேள்விகளில் கவனம். மிகச் சிறிய வசனம் எது என்றால் யோவான் 11:35 என்று எல்லாரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். தமிழில் அது மூன்று சொல். 1 தெசலோனிக்கேயர் 5:16 இரண்டே சொல். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு எழுதவில்லை, காணிக்கைதான் மூன்று. ஏதேனில் ஏவாள் பறித்தது ஆப்பிள் என்று எங்கும் இல்லை. கிறிஸ்மஸ் நாடகத்தில் பார்த்ததைப் பிள்ளை வேதம் என்று நம்பிக்கொண்டிருக்கும். நீங்கள்தான் வசனத்தைக் காட்டவேண்டும்.

4. கேள்வியை முழுதும் கேட்டபிறகே பஸரை அழுத்தப் பழக்குங்கள்.

5. நடுவரோடு பிள்ளைகள் முன்னால் வாதாடாதீர்கள். யோயாக்கீன் ராஜாவானபோது வயது 2 இராஜாக்கள் 24:8இல் 18, 2 நாளாகமம் 36:9இல் 8. இரண்டு பிள்ளைகள் இரண்டு பதில் சொல்லி, இரண்டும் வேதத்தில் இருக்கும். சுற்று முடிந்தபின் வேதாகமத்தோடு போய்ப் பணிவாகக் காட்டுங்கள். தீர்ப்பு மாறாவிட்டாலும் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். பிள்ளைகள் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

6. யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. கமிட்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளும் மட்டுமே வருஷா வருஷம் போவது நம் சபைகளுக்கு அழகல்ல. 1806இல் மிஷனெரி ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடிக்கு வந்தபிறகுதான் இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளுக்கு எழுத்தே எட்டியது. பனையேறியவர்களின் பிள்ளைகளும் வயலில் கூலிக்கு நின்றவர்களின் பிள்ளைகளும் முதன்முதலில் எழுத்துக் கூட்டி வாசித்தது இந்த வேதாகமத்தைத்தான். அந்த வழியில் வந்த நாம், வாசிக்கத் திணறும் பிள்ளையைப் பின்பெஞ்சில் விட்டுப் போகலாமா? திக்கிப் பேசும் பிள்ளைக்கு எழுத்துச் சுற்று இருக்கிறது. ஒரு குழுவில் ஒரு இடமாவது இதுவரை போகாத பிள்ளைக்கு ஒதுக்குங்கள்.

7. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனிலும் குடை வேண்டும், அக்டோபரிலும் குடை வேண்டும். பெண்பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் ஒரு டீச்சர் கூட வரவேண்டும். பெற்றோரின் போன் நம்பர் போனில் மட்டும் போதாது, தாளிலும் இருக்கட்டும். காலையில் எண்ணெய்ப் பலகாரம் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஒரு சீப்பு மட்டிப்பழம் போதும், வயிற்றைக் கெடுக்காது.

8. இதைச் சொல்ல எனக்கு இன்றும் கஷ்டமாக இருக்கிறது. நான் தொடங்கின காலத்தில், கடைசிச் சுற்றில் நன்றாகத் தெரிந்த பதிலை மாற்றிச் சொன்ன ஒரு பையனைத் திரும்பி வரும் பஸ்ஸில் எல்லார் முன்னிலும் திட்டினேன். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் போய்க் கூப்பிட ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் அவன் வேதாகமத்தை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்திருந்தான். கேடயம் வாங்கப் போய் ஒரு பிள்ளையின் கையிலிருந்து வேதாகமத்தை நானே பிடுங்கிவிட்டேன். தோற்றுத் திரும்பும் பஸ்ஸில் கேள்விகளைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள்.

9. ஜெயித்து வந்தால் ஆலயத்தில் பெயர் வாசிப்பார்கள், கை தட்டுவார்கள். அன்றைக்குச் சாயங்காலமே, பரிசு வாங்காத பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒரு நடை போய்வாருங்கள். நான் செய்ததுபோல ஒரு மாதம் பொறுக்காதீர்கள்.