குற்றாலத்தில் ஏமாறாமல் குளிக்க

சித்திரை வெயிலில் குற்றாலம் போனால் மெயின் அருவியில் பாறைதான் வரவேற்கும். ஓரமாக நூல் பிடித்தாற்போல ஒழுகும் தண்ணீருக்கு நாற்பது பேர் தலையை நீட்டிக்கொண்டிருப்பார்கள். நானும் நீட்டியிருக்கிறேன்! தென்மேற்குப் பருவமழை இறங்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் நல்ல சீசன். அப்போதும் சனி, ஞாயிறு வேண்டாம். வார நாளில் விடிந்ததும் துண்டோடு கிளம்பிவிடுங்கள். மலையில் கனமழை என்றால் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அதனால் புறப்படுமுன் லாட்ஜுக்கு போன் போட்டு, “தண்ணி விழுதா, குளிக்க விடுறாங்களா?” என இரண்டையும் கேளுங்கள். எதுவும் வாய்க்காவிட்டால் சித்திர சபைக்கு நடையைக் கட்டுங்கள். நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று, சுவரெல்லாம் ஓவியம். அருவிக் கூட்டம் அங்கே இருக்காது. பசித்தால் பக்கத்து ஊரான பிரானூர் பார்டரில் புரோட்டா.