புளி வந்த வழியும் ஒட்டுப்புளி நடவும்

மாசி, பங்குனியில் கல்வராயன் மலையில் புளி உலுக்கும் காலம். மலைவாழ் மக்கள் புளியை உலர்த்தி, ஓடும் நாரும் நீக்கி, கொட்டை எடுத்து விற்பனைக்குக் கொண்டு வருகிறார்கள். நம் குழம்புக்கு உயிரான இந்த மரம் நம் நாட்டில் தோன்றியதல்ல என்றால் பலர் நம்பமாட்டார்கள்.

அரபு வணிகர்கள் இதனை 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை என்றனர். அதிலிருந்தே 1753-ல் லின்னேயஸ் 'டாமரின்டஸ் இண்டிகா' என்று பெயர் சூட்டினார். பெயர்தான் இந்தியா; பிறப்பிடமோ ஆப்பிரிக்காவின் வறண்ட புல்வெளிக் காடுகள். அங்கிருந்து மிகப் பழங்காலத்திலேயே இங்கு வந்து ஊன்றிவிட்டது. பின்னர் ஸ்பானியரும் போர்த்துகீசியரும் அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டு சென்றனர். மெக்சிகோவில் இன்று புளித் தண்ணீர் அன்றாடப் பானம். தாய்லாந்தின் பெட்சபூன் பகுதியோ இனிப்புப் புளிக்குப் பெயர் பெற்றது.

இந்தப் பிறப்பிடச் செய்தி விவசாயிக்கும் பயன்படும். வறண்ட நாட்டு மரமாதலால் ஆணிவேர் ஆழமாக இறங்கி வறட்சியைத் தாங்கும். காய் முதிர வெயில் காலம் வேண்டும். தண்ணீர் தேங்கும் நிலம் ஆகாது. சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்து மானாவாரிச் செம்மண் மேடுகளுக்கு ஏற்ற மரம் இது.

கொட்டை போட்டு வளர்த்த மரம் காய்க்க ஏழெட்டு ஆண்டுகளுக்கு மேலாகும். தாய் மரத்தின் குணம் அப்படியே வரும் என்பதற்கும் உறுதியில்லை. பாட்டன் வைத்தான், பேரன் தின்றான் என்ற கதைதான். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 ஒட்டுக்கன்று நான்காம் ஆண்டு வாக்கிலேயே காய்க்கத் தொடங்கும். பத்து மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 கன்றுகள் பிடிக்கும். ஒரு மீட்டர் ஆழ, அகலக் குழியில் தொழு உரமும் மேல்மண்ணும் இட்டு, ஒட்டுப் பகுதி மண்ணில் புதையாமல் நடவேண்டும். ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்களை அவ்வப்போது கிள்ளிவிடாவிட்டால், ஒட்டு பட்டுப்போய் நாட்டுப்புளிதான் மிஞ்சும். நிழல் கட்டும் வரை இடையில் நிலக்கடலை, பயறு விதைக்கலாம், மலையில் சாமை.

தடியால் அடித்துப் பறிப்பதைத் தவிர்க்க வேண்டும். கிளை நுனி முறிந்தால் அடுத்த பருவப் பூ குறையும். உலுக்கி எடுப்பதே நல்லது.

அறுவடையின்போது வரத்து கூடி விலை இறங்குவது வழக்கம். நன்கு உலர்த்தி, உப்புத் தூவிப் பானையில் அடைத்து வைக்க முடிந்தவருக்கு நல்ல விலை கிட்ட வாய்ப்புண்டு. நாள்பட்டால் நிறம் கறுக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். கொட்டையையும் வீசவேண்டாம். அதன் பருப்பு மாவு துணி ஆலைகளில் நூலுக்குக் கஞ்சி போட உதவுவதால், அதற்கும் தனி விலை உண்டு.